மாப்பிள்ளை மாட்டிய வாசல் பல்பு

வடக்குத் தெரு,
கீழமருதங்குடி,
மன்னார்குடி வழி.

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை ஜெகன் அவர்களுக்கு, மாமனார் நாகரத்தினம் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் உயிரோடு இருக்கிறோம். இதை வழக்கமான உபசாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஊரில் பாதிப் பேர் இன்னும் நம்பாத செய்தி என்பதால் முதலிலேயே எழுதிவிட்டேன். அங்கு நீங்களும், சம்பந்தி அம்மாளும், வயிற்றுப் பிள்ளையோடு இருக்கும் என் மகள் மோகனப்பிரியாவும் சௌக்கியமாக இருக்க வேண்டுமென்று சுவாமிமலை முருகனுக்கு மொட்டை போட்டுக்கொண்டேன். அந்த மொட்டையும் வினையாகிப் போனது. அதைப் பிறகு சொல்கிறேன்.

போன் இருக்கும்போது தபால் எதற்கு என்று நினைப்பீர்கள். போனைத் தொட்டால் வீட்டில் எங்கே எது எரியுமோ, எது அணையுமோ என்று பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. அதோடு, போனில் உங்களிடம் என் குரல் கொஞ்சம் உயர்ந்தாலும் உங்கள் அத்தை பின்னால் நின்று இடுப்பில் கிள்ளுகிறாள். கடிதம் எழுதுகிறவனைக் கிள்ளினால் எழுத்துதான் கோணும், விஷயம் கோணாது.

விஷயம் இதுதான். பங்குனியில் வளைகாப்புப் போட்டு மகளைத் தலைப்பிரசவத்துக்கு இங்கே அழைத்து வருவதாகப் பேச்சு. இப்போது சம்பந்தி அம்மாள், ‘ஒப்பாரி வெச்ச வீட்டுக்கு எம் மருமவளை அனுப்ப மாட்டேன்’ என்று சொல்லிவிட்டார்கள். நீங்கள்தான் அவர்களிடம் எடுத்துச் சொல்லி என் மகளை அனுப்பிவைக்க வேண்டும். கூடவே, நீங்கள் மாட்டிவிட்டுப் போன பல்புகளைக் கழற்றிக்கொள்ள உத்தரவும் தர வேண்டும். ஏனென்றால் அந்த ஒப்பாரிக்குக் காரணம் உங்கள் பல்பு.

பொங்கலுக்கு வந்தவர், கைக்குழந்தை வரப்போகிற வீட்டில் இந்த மங்கல் ட்யூப்லைட் ஆகாது என்று கூடம், அடுப்படி, வாசல், கொல்லை, கழிப்பறை என்று ஓரிடம் விடாமல் ஸ்மார்ட் பல்பு மாட்டினீர்கள். சந்தோஷம். மாட்டிவிட்டு சுவிட்சுகளை எல்லாம் ஆன் செய்து, மேலே டேப் ஒட்டினீர்கள் பாருங்கள், அங்கேதான் சனி உட்கார்ந்தது. “மாமா, இனிமே சுவிட்ச தொடவே கூடாது. தொட்டா செட்டிங்ஸ் போயிடும். எல்லாமே போன்லதான்” என்றீர்கள். நான் மன்னார்குடி–தஞ்சாவூர் வண்டியில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு விசில் கொடுத்தால் வண்டி நிற்கும், இரண்டு விசில் கொடுத்தால் கிளம்பும். அவ்வளவு பெரிய வண்டி, அத்தனை ஜனம், யாரும் என்னிடம் பாஸ்வேர்டு கேட்டதில்லை. இந்தக் கழிப்பறை பல்பு கேட்கிறது. அவசரத்துக்குப் போகிறவன் வேட்டியைப் பிடிப்பானா, போனைப் பிடிப்பானா? என் வீட்டுக் கழிப்பறையில் நான்தான் நான் என்று நிரூபித்துவிட்டு உள்ளே போக வேண்டியிருக்கிறது. பதற்றத்தில் எழுத்தைத் தப்பாக அடித்தால், சிறிது நேரம் கழித்து முயலவும் என்கிறது. சிறிது நேரம் கழித்து எதற்கு மாப்பிள்ளை?

சரி, பழகிக்கொள்ளலாம் என்று பார்த்தால் நீங்கள் சென்னையிலிருந்து போன் போடுகிறீர்கள். “மாமா, கொல்லை லைட்டு பகல்ல எரியுதே, ஏன்? அடுப்படி லைட்டு ரொம்ப நேரமா எரியுதே, அத்தை என்ன பண்றாங்க?” உங்கள் அத்தை ரசம் வைத்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அந்தப் பல்பையே நீங்கள் என்று நினைத்துக்கொண்டாள். அதற்கு முன்னால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறாள். நீங்கள் அங்கிருந்து விளையாட்டாக ஒருநாள் கூடத்து விளக்கை எரியவிட்டீர்கள் அல்லவா, கால் நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் வாரிச் சுருட்டி எழுந்து நின்றுவிட்டாள். “ஏண்டி நிக்கிற?” என்றால், “மாப்புள வந்துருக்காருங்க” என்கிறாள். நீங்கள் அணைக்கிறவரைக்கும் நின்றாள். முட்டிவலிக்காரி.

இப்படி நாள் ஓடிக்கொண்டிருந்தபோது அறுப்பு வந்தது. பக்கத்து வீட்டு மாரியப்பன் தன் வயலுக்கு அறுவடை மெஷின் கூப்பிட்டிருந்தான். அது அந்தியில் நம் தெரு வழியாகப் போகும்போது, நெட்டுக்காக நீங்கள் கம்பத்திலிருந்து இழுத்துவிட்ட வயரையும் சேர்த்து அறுத்துக்கொண்டு போய்விட்டது. நெல்லுக்கும் நெட்டுக்கும் அதற்கு என்ன வித்தியாசம் தெரியும்? உடனே உங்கள் போன் வந்தது. “மாமா, உங்க வீடு ஆஃப்லைன்ல இருக்கு.” நான் வாசலில் இறங்கிப் பார்த்துவிட்டு, “வீடு இங்கதான் இருக்கு மாப்புள” என்று மரியாதையாகத்தான் சொன்னேன். வயர்க்காரன் வருகிறேன் வருகிறேன் என்றவன் வரவே இல்லை. வயர் அறுந்த நேரத்தில் எரிந்துகொண்டிருந்தது வாசல் பல்பு ஒன்றுதான். அது எரிந்தது. ராத்திரி எரிந்தது, காலையில் எரிந்தது, உச்சி வெயிலில் சூரியனோடு போட்டி போட்டுக்கொண்டு எரிந்தது. போனில் எங்கே தடவினாலும் அணையவில்லை.

சுவிட்சை அமுக்கியிருக்கலாமே என்பீர்கள். உங்கள் அத்தை விட்டால்தானே? “மாப்புள கையால ஒட்டுன டேப்பு. அதப் பிச்சிட்டோம்னு அவருக்கு ஒரு சொணக்கம் வந்து, புள்ளைய அனுப்பலன்னுட்டா என்னங்க பண்றது? எரிஞ்சா எரியட்டும்” என்று சுவிட்சுக்கு முன்னால் காவல் நின்றாள். மன்னார்குடிக்குப் போய் எலக்ட்ரிக்கல் கடை ஷேக் பரீதிடம் யோசனை கேட்டேன். “டேப்பப் பிரிச்சு சுவிட்ச அமுக்குங்கண்ணே, அணைஞ்சிட்டுப் போவுது” என்றார். ஒட்டியது மாப்பிள்ளை என்றேன். அந்த மனுஷன் முகமே மாறிவிட்டது. “அப்ப கரண்டு கட்டாவுற வரைக்கும் பொறுத்துக்குங்க. வேற வழியில்ல” என்று கையை விரித்தார். மாசக்கணக்கில் நம்மைப் படுத்திய கரண்டு, அந்த நாட்களில் பார்த்து ஒரு நிமிஷம்கூடக் கட்டாகவில்லை.

நம் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டு வாசலில்தான் பட்டப்பகலில் விளக்கு எரியும். சென்னையிலேயே வளர்ந்த உங்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. இங்கே பஸ்ஸில் போகிறவன்கூட ஜன்னல் வழியே பார்த்துப் புரிந்துகொள்வான். பற்றாததற்கு, கடைக்குப் போய் வந்த மறுநாள் மத்தியானம் நான் புழுக்கம் தாங்காமல் வாசலில் நாற்காலி போட்டு, மொட்டைத் தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மேலே பல்பு எரிகிறது. கீழே மொட்டையோடு நான். உள்ளே உங்கள் அத்தை அசந்து தூங்குகிறாள், வெளியே வரவில்லை. பார்க்கிறவன் என்ன நினைப்பான்? மாரியப்பன் வயலிலிருந்து வந்தவன், என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒன்றுமே கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். எனக்கும் பல்பை நினைத்து மனசு சரியில்லை. “என்னடா பண்றது, நம்ம கையில என்னா இருக்கு” என்றேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய் எங்கெங்கோ போன் போட்டிருக்கிறான்.

கொஞ்ச நேரத்தில் என் பெரியப்பா மகள் ரெங்கம்மாள் அக்கா தெருமுனையிலேயே மாரில் அடித்துக்கொண்டு, “எந் தங்கமே, என்ன விட்டுப் போயிட்டியே” என்று வருகிறாள். சத்தம் கேட்டுத் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடி வந்த உங்கள் அத்தை, அக்கா வீட்டில்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, என்ன ஏது என்று கேட்காமல் அவளைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நம் பொம்பளைகள் முதலில் கட்டிக்கொண்டு அழுவார்கள், யாரென்று அப்புறம்தான் கேட்பார்கள். இரண்டு பேரும் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, முறை வைத்துப் பாடுகிறார்கள். ரெங்கம்மாள் அக்கா உங்கள் அத்தை வைக்கும் மீன்குழம்பைச் சொல்லிச் சொல்லி அழ, அதைக் கேட்டு உங்கள் அத்தையும் தாங்க முடியாமல் அழுகிறாள். பாட்டு தன் கல்யாணப் பட்டுப்புடவைக்கு வந்தபோதுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. மெல்ல முகத்தை விலக்கி, “அக்கா, செத்தது யாரு?” என்றாள். அக்கா அவள் முகத்தைப் பார்த்து மயங்கி விழுந்தாள். அந்த நேரம் பார்த்து, மாரியப்பன் சொல்லியிருந்த ப்ரீசர் பெட்டி வேனில் வந்து இறங்கியது. ஆள் உயிரோடு இருக்கிறாள் என்றதும் வேன்காரர் கொஞ்சம்கூடக் கோபப்படவில்லை. கார்டு ஒன்றைக் கொடுத்து, “வச்சுக்குங்கய்யா, எப்பவாவது தேவப்படும்” என்று என் மொட்டையைப் பார்த்துச் சொன்னார்.

இதற்குள் மாரியப்பன் மகன் தமிழ்மாறன், உங்கள் அத்தை படத்தைப் போட்டுக் கண்ணீர் அஞ்சலி என்று வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்துவிட்டான். அது சம்பந்தி அம்மாள் கண்ணில் பட்டு, அவர்கள் சொன்ன வார்த்தை எங்கள் காதுக்கு வந்து, அன்றிலிருந்து உங்கள் அத்தை சரியாகச் சாப்பிடவில்லை. தொட்டிலுக்கென்று துவைத்து வைத்த புடவையை எடுப்பதும் மடிப்பதுமாக இருக்கிறாள். எனக்கு வயிறு எரிகிறது மாப்பிள்ளை. நீங்கள் போனில், “நெட் இருந்திருந்தா இதெல்லாம் நடந்தே இருக்காது மாமா” என்றீர்கள். பல்பு இல்லாமல் இருந்திருந்தாலும் நடந்திருக்காது. மரியாதைக்காக அப்போது சொல்லவில்லை, இப்போது எழுதுகிறேன். கூப்பிய கையோடு கேட்கிறேன், பல்பைக் கழற்ற உத்தரவு கொடுங்கள், பிள்ளையை அனுப்பிவையுங்கள்.

சம்பந்தி அம்மாளுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லவும். நீங்களும் உங்கள் போனும் சார்ஜ் குறையாமல் நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,

மாமனார்,
நாகரத்தினம்.

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மோகனப்பிரியா இறங்கினாள். பெட்டியை நான் வாங்குவதற்குள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அப்படி ஒரு அழுகை. “அம்மா செத்துட்டாங்கன்னு ஸ்டேட்டஸப் பாத்து நா அழுவுறேன்ப்பா. போன எடுத்துப் பாத்துட்டு, பல்பு ஆஃப்லைன், ஒண்ணும் தெரியலங்கிறாரு. என்ன மனுஷம்ப்பா இவரு?” என்றாள். ஆகவே மாப்பிள்ளை, அவளை அனுப்பிவைக்கச் சொல்லி மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். வளைகாப்பை இங்கேயே வைத்துக்கொள்கிறோம், சம்பந்தி அம்மாளை அழைத்துக்கொண்டு வந்து சேருங்கள். பல்பையும் கழற்றப் போவதில்லை. வயர்க்காரனை ஒரே அதட்டில் வரவழைத்து நெட்டைச் சரிசெய்துவிட்டாள். அதுவரை எரிந்துகொண்டே இருந்த வாசல் பல்பு, போனில் அவள் ஒரு தட்டுத் தட்டியதும் அணைந்தது. இப்போது கூடத்தில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு பச்சை, மஞ்சள் என்று மாற்றி மாற்றிக் காட்டுகிறாள். உங்கள் அத்தை எழுந்து நிற்கவில்லை, சிரித்துக்கொண்டு பார்க்கிறாள். உங்கள் போனை ஆப்பிலிருந்து எடுத்துவிட்டாளாம், தெரிவிக்கச் சொன்னாள். இனிமேல் இந்த வீட்டில் விளக்கு எரிகிறதா என்று தெரிய வேண்டுமானால், நீங்கள் நேரில் வந்துதான் பார்க்க வேண்டும்.