கிருமியம்மாவின் கூறைப்புடவை

காஞ்சிபுரத்தில் ஒரு தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டே கையெடுத்துக் கும்பிட்ட ஒரே பெண்பிள்ளை எங்கள் கிருமியம்மாதான். கோயிலுக்குப் பேர்போன அந்த ஊரில் கும்பிடு வாங்குவது பெரிய காரியமில்லை. சாக்கடைச் சேற்றைப் பானையில் வளர்த்து, அதற்காக வீட்டு முதலாளி, பேராசிரியர், பெற்ற அப்பா மூன்று பேரையும் எதிர்த்து நின்று வாங்குவதுதான் பெரிய காரியம்.

எழுபதுகளின் தொடக்கம். நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். பிள்ளையார்பாளையத்தில் ஒரு பட்டுக்கடை முதலாளியின் வீட்டு மாடியறையில் தனியாகக் குடியிருந்தேன். துணைக்கு ஒரு பெண் கிடைத்தால் தேவலையே என்று நான் நினைத்த நேரத்தில் வந்து சேர்ந்தாள். கையில் டிரங்குப் பெட்டி, இடுப்பில் மண்பானை. குடிதண்ணீராக்கும் என்று நினைத்து நானே ஆசையாக வாங்கி உள்ளே வைத்தேன். அன்றைக்குக் கழுவிய கையை இன்னும் கழுவிக்கொண்டிருக்கிறேன்.

முதலாளி வாசலில் நிறுத்திக் கேட்டார்.

"இன்னாமா படிக்கிற நீ? டீச்சருக்கா, டாக்டருக்கா?"

"டாக்டர் பட்டத்துக்கு சார். கிருமி ஆராய்ச்சி பண்ணிக்கினு இருக்கேன்."

சாயங்காலத்துக்குள் அவள் கிருமியம்மா ஆகிவிட்டாள். பெற்றவர்கள் வைத்த பெயரைத் தபால்காரர்கூட அதன்பிறகு சொல்லிக் கேட்டதில்லை.

ஆராய்ச்சி இதுதான். முதலாளி வீட்டுக் கொல்லையில் சாயப்பட்டறை. பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றிய மிச்சத் தண்ணீர் தெருச் சாக்கடையில் ஓடும். ஓடிக் களைத்துப்போய் எங்கள் கிணற்றில் இறங்கும். பட்டறையில் இன்று என்ன நிறம் என்று யாரும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை, எங்கள் வீட்டுச் சோற்றைப் பார்த்தால் போதும். கத்தரிப்பூ நிறத்தில் சோறும் கிளிப்பச்சையில் ரசமும் சாப்பிட்ட குடும்பங்கள் அந்தத் தெருவில் உண்டு. அந்தச் சாயம் மக்காது, வெயிலில் காயவைத்தாலும் போகாது. அதைத் தின்று தீர்க்கும் கிருமி அந்தச் சாக்கடையிலேயே இருக்க வேண்டும் என்பது இவள் கட்சி. மதராஸில் இருந்த அவளுடைய பேராசிரியரோ, "சாயத்தைத் தின்கிற ஜீவனைக் கடவுள் படைக்கவில்லை, லேபில் சாக்கடையை வைக்காதே" என்று பானைகளை வெளியே அனுப்பிவிட்டார். பொங்கலுக்குள் ஒரு டம்ளர் தெளிந்த தண்ணீர் காட்டாவிட்டால் தலைப்பையே மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கெடு வேறு.

"கடவுள் படைச்ச லிஸ்டு இவரு பாக்கெட்லயா இருக்குது?" என்பாள் கிருமியம்மா. "எங்க தென்னேரி ஏரித் தண்ணியில முகம் பார்த்துத் தலை வாருவோம் டீச்சர். இங்க இன்னாடான்னா பச்சக் கொழந்தைக்குப் பச்சைத் தண்ணி, நெசமாவே பச்சையா குடுக்கறாங்க. புடவைக்குச் சாயம் போடட்டும். சோத்துக்கு எதுக்குப் போடணும்?"

ஆக, பானைகள் என் கட்டிலுக்கடியில் குடியேறின. பிறகு என் ஊறுகாய் ஜாடிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. எங்கள் தலைமையாசிரியை ஒருநாள் மதியம் சாப்பிட வந்தபோது, எலுமிச்சங்காய் என்று நம்பி ஒரு ஜாடியைத் திறந்தேன். அந்த அம்மாள் தயிர்சாதத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அந்த வருஷம் என் பணிப் பதிவேட்டில் நடத்தை என்ற இடத்தில் என்ன எழுதியிருப்பார் என்று இன்றுவரை யோசிக்கிறேன். கிருமியம்மாவுக்கு வந்ததோ வேறு கோபம்.

"மூடியத் தொறந்துட்டியே டீச்சர்! இவங்களுக்குக் காத்து ஆகாதுன்னு எத்தினி வாட்டி சொல்லியிருக்கேன்!"

கிருமிகளை அவள் 'இவங்க' என்றுதான் சொல்வாள். வடித்த கஞ்சி, வெல்லக்கட்டி என்று வேளாவேளைக்கு ஊட்டுவாள். என்னிடம் ஒருநாளும் "சாப்பிட்டியா" என்று கேட்டதில்லை. பானையைக் கேட்பாள்.

இப்படி நாறிக்கொண்டே நிம்மதியாக இருந்தோம். மார்கழியில் வந்தது வினை. மதராஸிலிருந்து ஒரு அம்மாள் காரில் வந்து இறங்கி, ஒரு அரக்குப் புடவையை முதலாளியின் மடியில் விட்டெறிந்தாள். முதல் தண்ணீரிலேயே சாயம் போய்ப் புடவை திட்டுத்திட்டாக வெளுத்திருந்தது. காஞ்சிபுரத்தில் ஒருவனைத் திருடன் என்று சொல்லலாம், பொறுத்துக்கொள்வான். சாயம் போகிறது என்று மட்டும் சொல்லக் கூடாது. முதலாளி ஒரு நிமிஷம் திருதிருவென்று விழித்தார். பிறகு மாடியைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"இத்தினி வருசத்துல ஒரு புடவை திரும்பி வந்ததில்லை. சாயத்தைத் தின்ற கிருமியை மேல வளர்த்துக்கினு இருக்குதே அந்தப் பொண்ணு, அதோட வேலைதான் இது!"

வதந்திக்குக் கால் முளைத்துவிட்டது. கிருமிகள் வரிசையாகப் படியிறங்கித் தறிக்குள் போவதைக் கண்ணால் பார்த்ததாக ஒருவர் சத்தியம் செய்தார். தறியில் ஏற்றிய பாவு நூலுக்குக் கம்பளி போர்த்தினார்கள். தறிக்குழியைச் சுற்றி மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். என் புடவை கொடியில் சாயம் போனதற்குக்கூட இரண்டு பேர் வந்து துக்கம் விசாரித்தார்கள். அது வாங்கும்போதே அந்த நிறம்.

மறுநாள் காலை தெருவே வாசலில் கூடிவிட்டது. பானைகளை உடைத்துச் சாக்கடையில் கொட்டியே ஆக வேண்டும் என்றார்கள். அந்த நேரம் பார்த்துக் கிருமியம்மாவின் அப்பா தென்னேரியிலிருந்து வந்து நின்றார். வாலாஜாபாத்தில் ரைஸ்மில் வைத்திருக்கும் மாப்பிள்ளை ஒருவர் அமைந்திருந்தார். அப்பா கையோடு கூறைப்புடவையும் எடுத்து வந்திருந்தார். அதே முதலாளியின் கடையில் வாங்கியது, கொல்லைப் பட்டறையின் சாய மேஸ்திரி தன் கையால் அரக்கு ஏற்றிய புடவை.

கிருமியம்மா ஒரு பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படியை மறித்து நின்றாள்.

"இவங்க புடவையில ஏறின சாயத்தைத் தின்னுட்டா, இந்தப் பானைய நானே உடைக்கறேன். அப்பா சொல்ற மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டிட்டு ஊரோட போயிடறேன். தின்னலைன்னா இந்தப் பானை மேல ஒருத்தர் கை வைக்கக் கூடாது. சரியா?"

அப்பாவின் முகத்தில் கிருமிகள்மேல் முதல்முறையாகப் பாசம் தெரிந்தது. "தின்னும்மா, நல்லா தின்னும்!" என்றார்.

அப்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேஸ்திரி வந்தார். முழங்கைவரை அரக்கு நிறம் ஏறிப்போன கை, அதைவிடப் பெரிய மீசை.

"எப்படிப்பா தின்னும்? நான் போட்ட சாயம் அது! எமனே வந்தாலும் நக்க முடியாது, கிருமி தின்னுதாம் கிருமி! தின்னுச்சுன்னா இந்த மீசைய எடுத்துட்டு வீதியில நடக்கறேன்!"

எனக்குத் தலை சுற்றியது. அவள் காதில் கிசுகிசுத்தேன்.

"ஏண்டி, தின்னா உன் பானை போச்சு. தின்னலைன்னா உன் ஆராய்ச்சி போச்சு. இதில் எதுக்குடி வேண்டிக்கொள்வது?"

"ரெண்டுக்கும் வேண்டிக்கோ டீச்சர். ரெண்டையும் ஒரே பானையில போட்டுடலாம்."

சொன்னவள், அப்பா கையிலிருந்த கூறைப்புடவையைப் பிடுங்கினாள். பட்டறையிலிருந்து கொதி ஆறிய அரக்குத் தண்ணீரை ஒரு பெரிய பானையில் ஊற்றச் சொன்னாள். புடவையை அதில் அமுக்கினாள். பாலுக்கு உறை ஊற்றுவதுபோலத் தன் சேற்றை அளவாக ஊற்றி, வாயைக் களிமண்ணால் பூசி, அடுத்த வெள்ளிக்கிழமை திறப்பதாகச் சொன்னாள். அவள் அப்பா அழுத அழுகைக்கு, பெண்ணையே உள்ளே போட்டுப் பூசியதாகத்தான் வழியில் போனவர்கள் நினைத்திருப்பார்கள்.

யார் வீட்டில் வைப்பது என்று சண்டை வந்ததால் பானை பிள்ளையார் கோயில் சுவரோரம் வைக்கப்பட்டது. முதலாளி ஆள் ஒருவர், மேஸ்திரி ஆள் ஒருவர் காவல். ஒரு பசுமாடு பக்கத்தில் வந்து மோந்து பார்த்துவிட்டு, வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியது. பெண்களுக்கு வேறு பயம். கிருமி கோபித்துக்கொண்டால் வீட்டுக்குள் வந்துவிடுமோ என்று பானைக்கு மஞ்சள் குங்குமம் இட்டார்கள். வேப்பிலையோடு ஒருத்தி வந்தபோது கிருமியம்மா அலறிக்கொண்டு ஓடினாள்.

"ஐயோ, வேப்பிலை வேணாம்மா! இவங்களுக்கு ஆகாது!"

இன்னொருத்தி படைக்கக் கொண்டுவந்த கூழை மட்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாடிப் பானைகளில் இருக்கும் மற்றவர்களுக்கு ஆகும் என்று குடத்தோடு வாங்கிக்கொண்டாள்.

குறித்த வெள்ளிக்கிழமை வந்தது. களிமண்ணை உடைத்தாள். அதுவரை முண்டியடித்துக்கொண்டு நின்ற கூட்டம் அடுத்த தெருவில் போய் நின்றது. துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு மேஸ்திரி மட்டும் அசையவில்லை. நான் அவள் தோழி என்பதால் ஓட முடியாமல் நின்றேன்.

முதலில் தண்ணீரைத் துணியில் வடித்துக் கண்ணாடி டம்ளரில் பிடித்தாள். ரத்தம்போல் உள்ளே போன தண்ணீர், வடிகஞ்சி நிறத்தில் வெளியே வந்தது. டம்ளரை வெயிலுக்கு நேரே தூக்கி ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்தாள். அடுத்து புடவையை இழுத்தாள். ஜரிகை மட்டும் கறுத்திருந்தது. உடல் அரக்கோ போட்டது போட்டபடி ஜொலித்தது.

"பார்த்தியாம்மா என் சாயத்தை!" என்று மேஸ்திரி மீசையைத் தடவினார்.

"பார்த்தேன் மேஸ்திரி. தண்ணியில ஓடிப்போறதைத்தான் இவங்க சாப்பிடுவாங்க. நூல்ல ஒழுங்கா ஏறி ஒக்காந்ததை அவ்வளவு லேசுல தொட மாட்டாங்க."

"ஓடிப்போற சாயமா?" என்றார் மேஸ்திரி. நேரே கடைக்குள் போய், திரும்பி வந்த அந்த அரக்குப் புடவையை எடுத்துவந்து, வெறும் தண்ணீர் வாளியில் முந்தானையை முக்கினார். வாளி சிவந்துவிட்டது. அதற்குள் திரும்பி வந்துவிட்ட கூட்டத்தில் முதலாளியைத் தேடிப் பிடித்துச் சொன்னார்.

"இது என் கைச் சாயமே இல்ல. வெளியில எவன்கிட்டயோ மட்டச் சாயம் போட்டு வாங்கியிருக்கீங்க. கிருமி தின்னல முதலாளி. நீங்கதான் தின்னிருக்கீங்க."

முதலாளிக்கு வாலாஜாபாத்தில் யாரையோ பார்க்க வேண்டியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. செருப்பைக்கூடத் தேடவில்லை.

அப்பா புடவையை மோந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "இந்த வாசனையோட பக்கத்துல எவன் மணையில ஒக்காருவான்?" பஸ் ஏறப் போனவர், பாதி வழியில் திரும்பி வந்தார். "ஏம்மா, உன் கிருமிக்குக் கேவுரு ஆகுமா?" அடுத்த வாரம் ஒரு மூட்டை கேழ்வரகு வந்து இறங்கியது. நான் அழுதுவிட்டேன். நாற்றத்தினால்தான் என்று அவளிடம் சொன்னேன்.

பேராசிரியர் டம்ளரைப் பார்த்துவிட்டு, "பச்சைத் தண்ணீர் கலந்திருப்பாய்" என்றாராம். இவள் சண்டை போடவில்லை. அடுத்த பஸ்ஸில் ஒரு பானையையே மடியில் வைத்துக்கொண்டு போய் அவர் மேஜையில் இறக்கி, "நீங்களே ஊத்துங்க சார், நீங்களே பூசுங்க, பூட்டிச் சாவிய நீங்களே வச்சுக்கோங்க" என்றிருக்கிறாள். பானை திறந்த அன்று அவர் பழைய தலைப்புக்கே கையெழுத்துப் போட்டார். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு போட்டாராம்.

அதோடு ஊரே திருந்திக் கிணறு பளிங்காகிவிட்டது என்று கதை விட மாட்டேன். மேஸ்திரி மட்டும் பட்டறைக்குப் பின்னால் ஒரு குழி வெட்டி, அவள் சேற்றை அதில் இறக்கி, முதலாளி முறைக்க முறைக்கச் சாயத்தண்ணீரை அதன் வழியாகவே விட்டார். எங்கள் சோறு கத்தரிப்பூவிலிருந்து இளரோஜாவுக்கு இறங்கியது. மற்ற பட்டறைகள் பழையபடியே ஓடவிட்டன. "விடட்டும். இவங்களுக்கும் பசிக்கும், எனக்கும் வயசு இருக்குது" என்றாள் கிருமியம்மா.

கடைசி வாய்மொழித் தேர்வுக்கு அவள் அந்தக் கூறைப்புடவையைத்தான் கட்டிக்கொண்டு போனாள். எத்தனை பூந்திக்கொட்டை போட்டு அலசியும் அந்த மணம் போகவில்லை. தேர்வாளர்கள் அதிகம் கேள்வி கேட்கவில்லை. பட்டத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அதன்பிறகு நானும் மாற்றலாகி எத்தனையோ ஊர் பார்த்துவிட்டேன். இன்றைக்கும் எந்தப் பட்டுக்கடைக்குப் போனாலும், கடைக்காரர் விரித்துப்போடும் அரக்குப் புடவையை முதலில் மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்க்கிறேன். புதுப்பட்டு வாசனை கமகமவென்று வருகிறது. பிடிக்கவில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.