செல்லப்பாண்டி சயான் சரிவில் வீழ்ந்த படலம்

வாழ்க செல்லப்பாண்டி! திருநெல்வேலிச் சீமையினின்று ரயிலேறித் தாராவி புகுந்த இருபத்திரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், வாடகைச் சைக்கிளெனும் இரும்புப் புரவிமீது, ஓட்டிப் பழகவென முதன்முறையாக ஏறி வீற்றிருந்த வீரன், பேன்ட் காலில் கிளிப் மாட்டிய பெருந்தோளன் வாழ்க!

மறுநாள் அவனுக்கு விக்ரோலிப் பட்டறை ஒன்றில் லேத் பரீட்சை. கையில் கட்டோடு போனால் மேஸ்திரி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். ஆகவே மேனியில் எங்கு அடிபட்டாலும் படுக, அந்த இரு திருக்கரங்களில் மட்டும் கீறல் விழலாகாது.

பதினொரு முறை இப்பூமியை முத்தமிட்டுத் தேறியவனும், ஒரே அறையில் பாய் போடுபவனுமாகிய பிச்சையா, சீட்டைப் பிடித்தபடி முழங்கினான்: "விழத்தான் செய்வ, மாப்ள. கைய மட்டும் தரையில ஊனிராத, மணிக்கட்டு போயிரும். ஹேண்டில விட்டுட்டு, நாடிய நெஞ்சோட ஒட்டி, தோளால உருளு!"

முழங்கிவிட்டுச் சீட்டை விட்டான்.

பாய்ந்தது புரவி! சயான் சரிவிலே, மலையுச்சியில் கட்டவிழ்ந்த தேர்போல, பிரேக் கட்டை தேய்ந்த அவ்வாகனம் கடகடவென உருள, கோழிகள் சிறகடித்துச் சிதற, எதிரே கற்சுவர் ஒன்று பகைவர் கோட்டையென வளர்ந்து வளர்ந்து வர, ஓரத்தில் வெங்காயம் விற்ற வடநாட்டு வாணிகன் எழுந்து, இரு கைகளையும் விரித்து ஆணையிட்டான்:

"அரே மதராசி! சோடோ! சோடோ!"

மூன்று வார இந்தி என்ன செய்யும்? வீரன் செவியில் அது 'சோடா' என்றே விழுந்தது. அந்தோ, முன்னே சோடா வண்டியா! உடைந்த கோலிசோடாக் கண்ணாடியில் விழுந்தால் பத்து விரலில் எத்தனை மிஞ்சும்? இல்லாத வண்டியைக் கண்கள் எட்டுத் திக்கும் தேட, விட வேண்டிய ஹேண்டிலை உடும்பெனப் பற்றினான், சுவரோ பத்தடியில்.

"எங்கவே சோடா?" என்று அலறினான்.

பின்னால் மூச்சிரைக்க ஓடிவந்த பிச்சையாவின் குரல் போர்முரசாய் அதிர்ந்தது: "ஏ மூதி! சோடா இல்லலே! விடச் சொல்லுதான்! விடுலே!"

விட்டான்! முகவாய் நெஞ்சிலே ஒட்ட, கரங்கள் இரண்டும் மார்பிலே மடங்க, புழுதி மேகமாய் எழ, வலத்தோள் முதலில் மண் தீண்ட, உருண்டான் ஒருமுறை, சக்கரப்படை சுழன்றதுபோல்; உருண்டான் மறுமுறை; மூன்றாம் உருளலில், ஜல்லிக் குவியலெனும் அரியணைமீது, அண்டம் அதிர, நேராக அமர்ந்தான். ஆளற்ற புரவி தனியே சென்று சுவரை முட்டி மாண்டது. கீறலற்ற கரங்களைச் செல்லப்பாண்டி வானோக்கி உயர்த்த, வெங்காய வாணிகன் "சாபாஷ்!" என வாழ்த்தினான்.

மறுநாள் வேலை கிடைத்தது. சீட் காலியாக இருந்தும் ரயிலில் நின்றுகொண்டே வீடு வந்தான்.