அஞ்சுக்கு எத்தனை

பசித்த வயிறோடு வாசலில் நின்றுகொண்டு, போட்ட சோற்றை வேண்டாம் என்று சொன்ன மனுஷன் இந்தக் கொல்லிமலையிலேயே ஒருத்தன்தான். பேர் என்னவோ சொன்னான், மறந்துவிட்டது. எங்களுக்கு அவன் 'அஞ்சுக்கெத்தனை'.

நாற்பது வயது, மீசையில் பாதி நரை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் பெரிய செல்போன் மாதிரி ஒரு பலகை. காலை ஏழு மணி பஸ்ஸைப் பற்றி ஊர் ஜனம் என்ன நினைக்கிறது என்று கேட்டு எழுத வந்திருந்தான். அந்த ஏழு மணி பஸ் எட்டுக்கு வரும், ஒன்பதுக்கு வரும், பாதி நாள் வரவே வராது. நான் பலாப்பழத்தோடு சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் வாங்குகிற ஜனம் வீடு திரும்பியிருக்கும். இவன் எழுதிக்கொண்டு போவதைப் பார்த்துத்தான் பஸ்ஸைச் சரி செய்வார்களாம்.

"பஸ் நேரத்துக்கு வருதுங்களா? அஞ்சுக்கு எத்தனை மார்க்கு குடுப்பீங்க?" என்றான், நின்றபடியே.

"மொதல்ல உக்காரு சாமி. சாமைச்சோறு சூடா இருக்குது. ரெண்டு வாய் தின்னு, அப்புறம் பேசலாம்."

"திங்கக் கூடாதுங்க அம்மாயி. தின்னா நீங்க எம்மனசு நோகாம பதில் சொல்லிருவீங்க."

"மலையேறி வந்தவன் பட்டினியா நிக்கையில நான் எப்பிடிப் பேசறது?"

"நீங்க பேசாம நான் எப்பிடிங்க திங்கறது?"

மத்தியானம் வரை இதேதான். கடைசியில் எங்கள் பலாமரத்தடியில் உட்கார்ந்து, பையிலிருந்து காய்ந்த பன்னை எடுத்துத் தின்றான். தலைக்கு மேல் பழம் கமகமவென்று தொங்குகிறது, நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை! மூக்கு நிஜமா, சும்மா ஒட்டவைத்ததா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

மறுநாளும் வந்தான். கண் உள்ளே போயிருந்தது. பக்கத்து வீட்டுப் பாப்பாத்தியும் அவன் சாப்பிடாமல் வாயைத் திறக்க மாட்டேன் என்றுவிட்டாளாம். "ஒரே ஒரு வாய் காப்பிங்க" என்று வாங்கிக் குடித்தான். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

என்னைப் போலப் படிக்கத் தெரியாதவர்களுக்கென்று பலகையில் ஐந்து மூஞ்சி வைத்திருந்தான். ஒரு கோடியில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் மூஞ்சி, மறு கோடியில் அழும் மூஞ்சி. அழுவது அச்சு அசல் என் பெரிய மருமகன்தான், எங்கள் வீட்டில் வந்து இறங்கும்போது அப்படித்தான் இருப்பான்.

"பஸ் நேரத்துக்கு வருதுங்களா?"

சிரிக்கும் மூஞ்சியை அமுக்கினேன்.

"உக்கார எடம் கெடைக்குதுங்களா?"

சிரிப்பு.

"ஏனுங்க அம்மாயி, நேத்து பஸ்ஸே வரலீங்களே! நானே நடந்துதானுங்க வந்தேன்!"

"இருக்கட்டும் கண்ணு. எங்கூட்டுக் காப்பியக் குடிச்சவன்கிட்டக் கொறை சொல்லி அனுப்புவாங்களா?"

"பாத்தீங்களா, இதுக்குத்தானுங்க சொன்னேன்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு அத்தனையையும் அழித்தான். அப்படியே வைத்துக்கொண்டு போயிருந்தால் யாருக்குத் தெரியும்? போகவில்லை அவன்.

எனக்கு மனசு கேட்கவில்லை. பஸ்ஸும் வேண்டும், இவனும் பட்டினி கிடக்கக் கூடாது. மூன்றாம் நாள் காலையில் பாப்பாத்தியையும் இழுத்துக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்குப் போனேன். அங்கே பலகையும் கையுமாக நின்றிருந்தான்.

"இது யாரு ஊடும் இல்ல. இங்க நீ விருந்தாளியும் இல்ல. இப்பக் கேளு!"

கேட்டான். அழும் மூஞ்சியை நான் அமுக்கிய அமுக்கில் பலகை உடையாதது அவன் அதிர்ஷ்டம். பாப்பாத்தி இன்னும் ஒரு படி மேலே போய், "இதுக்கும் மோசமா ஒரு மூஞ்சி இல்லீங்களா?" என்று கேட்டாள்.

கடைசிக் கேள்வியை மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு படித்தான். "கேள்வி கேட்டவரு நடந்துக்கிட்ட விதத்துக்கு... அஞ்சுக்கு எத்தனைங்க?"

"நாலு."

மீசை துடித்தது. "ஒண்ணு எதுக்குங்க கொறைச்சீங்க?"

"எங்கூட்டுக்கு வந்து சோறு தின்னுட்டு வாங்கிக்க."

இப்போது பஸ் ஏழேகாலுக்குள் வந்துவிடுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிலேயே வந்து இறங்கினான், பலகை இல்லாமல். சாமைச்சோறு மூன்று தடவை வாங்கித் தின்றான். பலாச்சுளை எத்தனை என்று நான் பார்க்கவில்லை, கண் பட்டுவிடும். கை கழுவிவிட்டு மெதுவாகக் கேட்டான்: "அந்த ஒண்ணுங்க, அம்மாயி?"

"அடுத்த வாட்டி பாக்கலாம் சாமி."

கொடுத்துவிட்டால் வராமல் போய்விடுவானே.