கரடியைத்தான் சொன்னேன், சம்பந்தி

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு, உங்கள் வீட்டுக்குப் பெண் கொடுக்கவிருக்கும் தையல்காரன் பயத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். நான் மட்டும் மலைப்பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மலையில் நான் பேசியதை மனதில் வைத்துக்கொண்டு, கல்யாணத்தைப் பற்றி யோசித்துச் சொல்வதாகத் தாங்கள் சொன்னீர்களாம். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு வீட்டாரும் நெருங்கிப் பழகட்டும் என்று மாப்பிள்ளைதான் காட்டுக்கு அழைத்துப் போனார். வனக்காவலர் படித்துப் படித்துச் சொன்னார்: "கரடி நடமாட்டம் இருக்கு. பேசிக்கிட்டே போங்க, மனுஷக் குரல் கேட்டா அதுவே ஒதுங்கிடும். எதிர்ல வந்துட்டா ஓடாதீங்க, மரத்துல ஏறாதீங்க. ஒண்ணா நின்னு, சத்தமாப் பேசிக்கிட்டே பின்னால நகருங்க." பிள்ளைகள் இருவரும் கலகலவென்று பேசியபடி முன்னால் போய்விட்டார்கள். தாங்களோ தலைமையாசிரியராக இருந்தவர், அளந்துதான் பேசுவீர்கள். நானோ பெண்ணைப் பெற்றவன், சம்பந்தி பேசாமல் நான் எப்படி வாயைத் திறப்பது? ஒரு மணி நேரம் மரியாதையாக வாயை மூடிக்கொண்டே நடந்தோம். புதர் விலகியது. பத்தடியில் கரடி எழுந்து நின்றது. தாங்கள் கண்ணை இறுக மூடி, பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "எதையாவது சத்தமாப் பேசுங்க சம்பந்தி!" என்றீர்கள். தங்கள் முன்னால் குரலை உயர்த்துவதா? முதலில், "ஐயா, கொஞ்சம் வழி விடுங்க" என்றுதான் வந்தது. அது ஓரடி முன்னால் வைத்தது. அப்புறம் உசுரு போற பயத்துல நெஞ்சுல இருந்ததெல்லாம் கொட்டிடுச்சு: "கோட்டு சரியில்லன்னு மூணு தடவை திருப்பி அனுப்புனியே, உன் இடது தோள்தான்யா கோணல்! என் கத்தரிக்கோல் இல்ல! அழைப்பிதழ்ல சிவப்பு மையால திருத்த நான் என்ன ஏழாங்கிளாஸ் பையனா?" அவ்வளவும் கரடியைத்தான் சொன்னேன், சத்தியமா. கரடிக்கு ஏது கோட்டுன்னு கேப்பீங்க. பயத்துல வாய் என்ன கண்டுச்சு?

கல்யாணத்தை மட்டும் நிறுத்திடாதீங்க சம்பந்தி. என் பொண்ணு மூணு நாளா என் முகத்துல முழிக்கல. அது எனக்குக் கரடியைவிடப் பயமா இருக்கு.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கமும் மாப்பிள்ளைக்கு என் ஆசியும் உரித்தாகுக.

இப்படிக்கு,
தங்கள் தையல்காரச் சம்பந்தி

பி.கு.: பொய் எழுதிவிட்டுத் தூக்கம் வரவில்லை. "கோட்டு" என்று நான் கத்தியதுமே கரடி திரும்பி ஓடிவிட்டது. தாங்கள் கண்ணை மூடியிருந்தீர்கள், நான் பார்த்தேன். பார்த்த பிறகும் நிறுத்தவில்லை. தங்கள் கல்யாணக் கோட்டை நாலாவது தடவையாகப் பிரித்து இடது தோளில் பஞ்சு வைத்துத் தைத்திருக்கிறேன். இனி கோணல் யாருக்கும் தெரியாது. வந்து போட்டுப் பார்க்கவும்.