அடுப்படியில் ஷிப்ட் மாற்றம்

சென்னையில் பாதி ஊருக்கு விளக்கு எரியவைத்தவர் தாம்தான் என்ற நினைப்பு ஆத்மநாதனுக்கு உண்டு. அனல்மின் நிலையத்து கண்ட்ரோல் ரூமிலேயே தலை நரைத்தவர். ஓய்வு பெற்று ஆலங்குடிக்கு வந்தும் அந்த நாற்காலி அவரை விட்டு இறங்கவில்லை. கரண்ட் போனால் தெருவே விசிறியைத் தேடும். அவர் மட்டும் வாசலில் நின்று, எந்த மிஷின் நின்றிருக்கும் என்று யோசிப்பார்.

அவர் மனைவி சொர்ணத்துக்கு ஒரே ஆசை. சென்னையில் மகள் இலக்கியா வீட்டில் கொஞ்ச நாள் தங்க வேண்டும். புருஷன் எரியவைத்த விளக்குகளை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். அவர் அங்கே இருந்த காலமெல்லாம் இவள் இங்கே மாமியாரையும் மகளையும் மாட்டையும் பார்த்துக்கொண்டு கிடந்தவள். நியாயமான ஆசைதான். அது ஆத்மநாதனுக்கும் தெரியும். ஆனால் சோறு?

முகத்துக்கு நேராக மறுக்க வாய் வரவில்லை. ஆகவே சட்டம் போட்டார்.

"கண்ட்ரோல் ரூம்ல ஒரு வழக்கம் சொர்ணம். அடுத்த ஷிப்ட் ஆளு, அதான் ரிலீவர், வந்து, என்ன ஓடுது, எது நிக்குதுன்னு கேட்டு, சார்ஜ் எடுத்துக்கிட்டேன்னு சொல்லணும். அதுவரைக்கும் சீட்டை விட்டு எந்திரிக்கக் கூடாது. இனிமே நம்ம வீட்லயும் அப்படித்தான்."

"தெரியும்ங்க. தீபாவளிக்கு வாங்கன்னா, ரிலீவர் வரலைம்பீங்க. பிள்ளை பொறந்தப்பவும் அதான் சொன்னீங்க."

"அப்ப அடுப்படி ஒன் சீட்டு. ஒனக்கு ரிலீவர் யாரு?"

சொர்ணம் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஜெயித்துவிட்டதாக நினைத்து ஆத்மநாதன் இன்னொரு டீ கேட்டார்.

மறுநாள் காலை அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, இந்த சார்ஜ் எடுக்குறது எனக்குச் சரியா வெளங்கலை. ஒருக்கா செஞ்சு காட்டுங்களேன்."

சொல்லிக்கொடு என்று கேட்டால் போதும், மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிடும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"என்ன ஓடுது?"

"அடுப்புல பாலு. தண்ணி மோட்டாரு."

"எது நிக்குது?"

"கிரைண்டர். உளுந்து ஊறிக்கிட்டு இருக்கு."

"வேற?"

"மாட்டுக்குத் தண்ணி காட்டணும்."

"சார்ஜ் எடுத்துக்கிட்டேன்," என்றார் கம்பீரமாக.

"அப்ப நான் வாரேங்க."

கதவுக்குப் பின்னாலிருந்து பை வெளியே வந்தது. வாசலில் ஆட்டோ நின்றது. பின்னாலேயே ஓட எடுத்த கால், பால் பொங்கும் சத்தத்தில் அப்படியே நின்றது. அதற்குள் மொட்டைமாடித் தொட்டியும் வழிய ஆரம்பித்தது.

அந்த வாரம் அவர் நிறைய யோசித்தார். மின் நிலையத்தில் ஷிப்ட்டுக்கு ஷிப்ட் ஆள் மாறும். இந்த அடுப்படியில் இத்தனை வருஷமும் ஒரே ஷிப்ட், ஒரே ஆள். ஒரு நாளும் அவளை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் தாம் உட்காரவில்லையே என்று நினைத்தபோது நெஞ்சு கனத்தது. குழம்பும் தீய்ந்தது.

ஒரு நாள் சாயங்காலம் கரண்டியும் கையுமாகச் சொர்ணத்துக்குப் போன் போட்டார்.

"பீச்சுல நிக்கிறேங்க. இங்கிட்டுப் பாத்தாலும் வெளிச்சம், அங்கிட்டுப் பாத்தாலும் வெளிச்சம். நல்லாத்தான் எரிய வச்சிருக்கீங்க."

ஆத்மநாதனுக்குக் கண் கலங்கியது. இதுதான் சமயம் என்று குரலைக் குழைத்துக்கொண்டார்.

"எப்ப வர்ற சொர்ணம்?"

"இலக்கியா ஆபீஸ் போயிருறா. பேரனை நான்தான் பாத்துக்கிறேன்." பின்னால் பேரன் சிரிக்கும் சத்தம் கேட்டது. "ரிலீவர் வரலைங்க."