மாமா திறந்துவிட்ட காவிரி

மேடையில் ஆறு ஓடவேண்டும் என்றால் நீலப் புடவை ஒன்று போதும். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் ஒளிந்துகொண்டு ஆட்டினால் கங்கை வரும், காவிரி வரும், கேட்டால் கடலே வரும். பார்க்கிறவர்களும் பெருந்தன்மையோடு நம்பிவிடுவார்கள். இந்தச் சின்ன விஷயம் புரிவதற்கு நான் ஒரு கல்யாணத்தை இழக்கவேண்டியிருந்தது. (கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைதான் நான் இல்லை.)

அப்போது நான் கும்பகோணத்தில் பி.ஏ. முடித்துவிட்டு, வேலை தேடுகிறேன் என்ற பெயரில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தேன். நடிப்பைப் பார்க்கமாட்டேன், பாட்டைக் கேட்கமாட்டேன். படுதாவையும் தட்டியையும் உற்றுப் பார்த்துவிட்டு, "காட்சியமைப்பு சரியில்லை" என்று உதட்டைப் பிதுக்குவேன். பட்டணத்தில் மேடைமேல் ரயில் வந்த நாடகம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்த பிறகு என்னைப் பிடிக்கவே முடியவில்லை. "வேலை கெடைக்கிற வரைக்கும் இவனை யாராவது படுதாவுல சுருட்டி வச்சா தேவலை" என்றாள் அம்மா.

நீடாமங்கலத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் என் தாய்மாமன் கோதண்டபாணி இருந்தார். நிறைய நிலம். நிறைய என்றால், நில உச்சவரம்பு என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு நெஞ்சு கரிக்கும், அவ்வளவு. ஒரே மகள் வசந்தா. எனக்கு முறைப்பெண். அவளைத்தான் கட்டிக்கொள்வது என்று நான் என்றைக்கோ முடிவு செய்திருந்தேன். (அதுவரை அவளிடம் நான் பேசியிருந்தது "மாமா இருக்காரா?" என்பது மட்டும்தான். அதற்கே ஒரு வாரம் தூக்கம் வராது.)

ஆட்சி மாறியதும் மாமாவின் துண்டுக் கரையும் மாறியது. கருப்பும் சிவப்புமாக ஒரு கரை. துண்டு மட்டும் நிலத்தைக் காப்பாற்றாது என்று பட்டதோ என்னவோ, ஆளும் கட்சியின் மாவட்டப் பெரும்புள்ளி ஒருவரை ஊருக்கு அழைத்து, அவர் முன்னால் இசை நாடகம் ஒன்று போடுவது என்று தீர்மானித்தார். வாடும் குடிகளுக்காக அணையைத் தன் வாளாலேயே உடைத்துத் தண்ணீர் விடும் மன்னனின் கதை. எழுதியவர் மாமா, மன்னனும் மாமா. நன்றாகவே பாடுவார். உச்சஸ்தாயியில் போய் நின்றுவிட்டால் கைதட்டல் ஓயும்வரை இறங்கமாட்டார்.

இதே மாமாதான், களத்துக்குப் பின்னால் இருந்த தன் வயலில் ஒரு வாய்க்கால் வெட்டிக்கொள்ள இடம் கேட்ட கடைமடைக்காரர்களிடம், "ஒரு பிடி மண்ணு கெடையாது" என்று சொல்லிவிட்டு, விவகாரத்தைத் தாலுகா ஆபீஸ் வரை இழுத்துக்கொண்டிருந்தார். அந்த வருடம் மேட்டூர் திறந்தும் கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை. அவர்களுடைய குறுவை நாற்று காய்ந்துகொண்டிருந்தது. இதற்கும் எங்கள் கதைக்கும் சம்பந்தம் உண்டு என்று மாமாவுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இருவரும் கலையில் மூழ்கியிருந்தோம்.

"மாப்ளே, தண்ணிக்கு நீலப் பொடவை போதுமில்ல?" என்று கேட்டார் மாமா.

"பொடவையெல்லாம் பழைய காலம் மாமா. நெஜத் தண்ணியே கொண்டாந்துடலாம். உங்க ஆயில் எஞ்சின் களத்துக்குப் பக்கத்துலதானே இருக்கு?"

மாமா வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு யோசித்தார். "வர்றவரு அசந்து போகணும். அது மட்டும் நடந்துச்சுன்னா, ஆவணியிலயே உனக்கும் வசந்தாவுக்கும் முகூர்த்தம் பாத்துடுவோம்."

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. எனக்குப் புல்லரித்துவிட்டது. (பின்னால் விசாரித்ததில் அது அத்தை.)

களத்தில் மேடை போட்டேன். மூங்கிலில் மலை, அதன்மேல் கித்தான், கித்தான்மேல் சாயம், உச்சியில் எஞ்சின் குழாய். தண்ணீர் மலையிலிருந்து விழுந்து, மேடைக்கு முன்னால் களிமண் வரப்பு கட்டிய தொட்டியில் ஓடி, ஓரத்து ஓட்டை வழியாக, எஞ்சின் இறைக்கும் மாமாவின் குளத்துக்கே போய்விடும். ஒரு சொட்டு வீணாகாது. குடிகள் வேஷம் போட்டவர்களுக்கு நிஜ மண்வெட்டிகளையே கொடுத்தேன். அட்டை மண்வெட்டி என் கொள்கைக்கு ஒத்துவராது.

எஞ்சின் பொறுப்பும் என்னுடையதுதான். எஞ்சின் கொட்டகையிலிருந்து மேடை தெரியாது, மாமாவின் கை மட்டும் தட்டிக்கு மேலே தெரியும். அவர் கையைத் தூக்கினால் தண்ணீரைக் கூட்டவேண்டும், தாழ்த்தினால் நிறுத்தவேண்டும். பாடும்போது மாமாவின் கை எங்கே இருக்கும் என்று நான் யோசித்திருக்கலாம். தண்ணீர் விட்டு ஒரு ஒத்திகையாவது பார்த்திருக்கலாம். டீசல் வீண் என்று மாமா தடுத்துவிட்டார்.

பெரும்புள்ளி ரயிலைப் பிடிக்கவேண்டும் என்பதால் பொழுது இருக்கும்போதே நாடகம் தொடங்கியது. அவருக்கு சோபா, தாசில்தாருக்கு நாற்காலி, ஊருக்குப் பாய். கடைசியில், தரையில், கடைமடைக்காரர்கள். அவர்கள் நாடகம் பார்க்க வரவில்லை, பெரும்புள்ளியிடம் முறையிட வந்திருந்தார்கள். அவர்களில் அஞ்சம்மாள் என்று ஒருத்தி. குத்தகை நிலத்தில் நாற்று விட்டிருந்தவள். அவள் வாய்க்கு மாமாவே பயப்படுவார்.

மாமா வாளை ஓங்கி அட்டை அணையைப் பிளந்தார். நான் வால்வைத் திறந்தேன். மலை உச்சியிலிருந்து காவிரி கொட்டியது. ஊரே "ஓ!" என்றது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிஷம் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

"குடிகளே, இந்நீர் உமதே, கொண்டு செல்வீர்!" என்று மாமா மைக்கில் உருகினார். கை மேலே போனது. கூட்டினேன். கைதட்டல் எழுந்தது, மாமா இன்னும் மேலே போனார், நானும் இன்னும் கூட்டினேன். அதற்குள் மலையின் சாயம் கரைந்து மன்னரின் கிரீடம் வழியாக மீசைக்கு வந்துவிட்டது. மைக் தண்ணீர் குடித்துச் செத்துப்போனது. மாமா பாட்டை விட்டுவிட்டு, "நிறுத்துறா! டேய், நிறுத்துறா!" என்று கத்தியிருக்கிறார். எஞ்சின் சத்தத்தில் எனக்கு என்ன கேட்கும்? இரண்டு கைகளும் ஆகாயத்தில் ஆடுவது மட்டும் தெரிந்தது. மாமா உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்து முழுவதையும் திறந்துவிட்டேன்.

களிமண் வரப்பு உடைந்தது. முன்னால் இருந்தவர்கள் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கடைமடைக்காரர்களும் எழுந்தார்கள், ஆனால் ஓடவில்லை. தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தார்கள். அது களத்தைத் தாண்டி நேராக மாமாவின் வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த வயலுக்கு அப்பால்தான் அவர்களுடைய நாற்றங்கால்.

"அய்யாவே மைக்குல சொல்லிட்டாரு, எல்லாரும் கேட்டீங்கல்ல?" என்று அஞ்சம்மாளின் குரல் கிளம்பியது. "கொண்டுபோங்கன்னுட்டாரு! இன்னும் என்னங்கடா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? மண்வெட்டிய எடுங்க!"

மண்வெட்டிகள் மேடையிலேயே தயாராக இருந்தன. கொள்கை! மேடைக் குடிகளும் நிஜக் குடிகளும் சேர்ந்து இறங்கினார்கள். தாலுகா ஆபீசில் கிடந்த வாய்க்கால், எல்லோர் கண்ணெதிரிலும் மாமாவின் வயலைப் பிளந்துகொண்டு போனது. "டேய், அது என் வயலுடா!" என்று மன்னர் தொண்டை கிழியக் கத்தினார். இத்தனை தத்ரூபமான நடிப்பை ஊர் பார்த்ததில்லை.

சோபாவின்மேல் காலைத் தூக்கி வைத்திருந்த பெரும்புள்ளி கண்கலங்கி எழுந்து நின்றார். மைக் இல்லாமலே பேசிப் பழகியவர். "மேடையில் புரட்சி பார்த்திருக்கிறேன். மேடையை விட்டு இறங்கிய புரட்சியை இன்றுதான் பார்க்கிறேன்! சொந்த வயலையே வெட்டித் தந்த இந்த மன்னரை வணங்குகிறேன்!" என்று முழங்கிவிட்டுத் தாசில்தாரிடம் திரும்பினார். "இந்த வாய்க்காலுக்கு இனிமே எந்தத் தகராறும் இல்ல, தெரியுதா?" தாசில்தாருக்குத் தெரிந்துவிட்டது. மாமா நனைந்த மீசையோடு கைகூப்பினார். வேறு என்ன செய்வார்?

வந்தவர் அசந்துதான் போனார். யாரோ வந்து அதைச் சொன்னதும், எஞ்சினை நிறுத்திவிட்டு ஓடிவந்து, "எப்படி மாமா?" என்று கேட்டேன். இன்றைக்கும் நடுவில் ஞாபகம் வந்தால் சோறு இறங்காத கேள்வி அது.

மாமா தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஒரு பாட்டுக்கு ஒரு வாய்க்கா போச்சு மாப்ளே. பொண்ணையும் குடுத்தேன்னா மிச்ச நெலத்தையும் நாடகமாப் போட்டுடுவ. கெளம்பு."

சொன்னபடி ஆவணியிலேயே வசந்தாவுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை பொதுப்பணித்துறை எஞ்சினியர். தண்ணீரை நிறுத்தத் தெரிந்தவர். பந்தியில் நான் தண்ணீர் பரிமாறப் போனேன். மாமா பார்த்துவிட்டு, என் கையிலிருந்த செம்பை வாங்கி வேறொருவரிடம் கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். வசந்தாவும் சிரித்தாளாம். அன்று எனக்கு நிஜமாகவே வலித்தது.

அப்புறம் எனக்கும் வேலை கிடைத்தது, ராஜேஸ்வரி கிடைத்தாள். கதையை அம்மா அவளிடம் முதல் வாரமே ஒப்படைத்துவிட்டாள். எங்கள் வீட்டில் இன்றும் குழாய் ஒழுகினால், "மன்னர் கையத் தூக்கிட்டாரு" என்றுதான் குரல் வரும்.

மாமா காலமானபோது ராஜேஸ்வரியோடு ஊருக்குப் போனேன். வழியெல்லாம் "கடைமடைக்குத் தண்ணீர் தந்த வள்ளல்" என்று சுவரொட்டி. (கடைசிக் காலத்தில் அவரே அதை நம்பிவிட்டார் என்றார்கள்.) வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடியது. அந்த ஊரில் அதற்கு டிராமா வாய்க்கால் என்று பெயர். கரையில் அஞ்சம்மாள் நின்றிருந்தாள்.

"இவுங்கதான் சம்சாரமா தம்பி?" என்றாள். (அந்தக் காலத்தில் என்னைச் சின்னய்யா என்பாள். இந்த ஒரு விஷயத்தில் நாடு உருப்பட்டிருக்கிறது.) ராஜேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கு அந்த மேடை வரப்பு ஒடைஞ்சுதான் எங்க நாத்து பொழைச்சுது. அது ஒடைஞ்சதாலதான் நீயும் இவருக்கு வாக்கப்பட்ட, தாயி."

ராஜேஸ்வரி வாய்க்காலைப் பார்த்தாள். என்னை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"அத்தனை பேரு கையில மண்வெட்டி இருந்துச்சே. ஒடைப்ப அடைச்சிருக்கக் கூடாதா?"