ரேடியேட்டரில் கடலெண்ணெய்

லாரியை விற்க விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். நான் முடிவு செய்தால் செய்ததுதான். என் மனைவி வந்து மாற்றும்வரை அதை வேறு யாராலும் மாற்ற முடியாது.

இந்த வீட்டில் எனக்கென்று இருப்பது ஒரே ஒரு நாற்காலி. அதுவும் லாரிக்குள், ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கிறது. லோடு கிடைக்காமல் லாரி வாசலில் நின்றுபோன பிறகும், வேலைக்குப் போகிறவன்போல் தினமும் அதில் ஏறி உட்கார்ந்துவிடுவேன். கதவைச் சாத்திக்கொண்டால் யாரும் என்னைக் கேள்வி கேட்க முடியாது. கேட்டாலும் காதில் விழாது.

அவளுக்கு வேறு கணக்கு. லாரியின் மூக்கு முன்னறை ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அந்த அறையில்தான் அவளுடைய தையல் மெஷின். பட்டப்பகலில் விளக்குப் போட்டுத் தைக்கிறாள். ஊசியில் நூல் கோக்க முடியாமல் கண்ணைக் கசக்குகிறாள். அந்தத் தையலில்தான் இருவரும் சாப்பிடுகிறோம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பேன். லாரி அவள் நகையை விற்று வாங்கியது. அதனால் அவள் பெயரில் இருக்கிறது. வாங்குவதற்கு ஒரு ஆளையும் அவளே பிடித்துவிட்டாள்.

ஆள் வருவதாகச் சொன்ன அன்று காலை, தைத்த துணிகளைக் கொடுக்க அவள் வெளியே கிளம்பினாள். நான் சமையலறைக்குள் நுழைந்தேன். ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதந்தால் எந்த வியாபாரியும் வந்த வழியே திரும்பிவிடுவான். இஞ்சினுக்குள் ஏதோ உடைந்து ஆயிலும் தண்ணீரும் கலக்கிறது என்று அர்த்தம். இஞ்சின் ஆயிலை ஊற்ற எனக்கு மனசு வரவில்லை. அது ரப்பர் ஹோஸைப் பாழாக்கிவிடும். கடலெண்ணெய் சாது. சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினால் போய்விடும். டின்னிலிருந்து தாராளமாக ஊற்றி, இஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். ஆறிய பிறகு மூடியைத் திறந்தால் திரிந்த பால்போல் கொழகொழவென்று நின்றது. பெற்ற பிள்ளைக்கு நானே பேதி மருந்து கொடுத்த மாதிரி இருந்தது.

வந்தவர் மூடியைத் திறந்தார். விரலை விட்டுப் பார்த்தார். துடைத்துக்கொண்டு மூடினார். ஹெட் கேஸ்கெட் போயிருக்குமோ, இஞ்சினே செத்துவிட்டதோ என்று நானே எடுத்துக் கொடுத்தேன். போயிருக்கும் என்று சொல்லிவிட்டு அவரும் போய்விட்டார்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. நான் பயந்திருக்க வேண்டும். சந்தோஷப்பட்டேன். மத்தியானச் சாப்பாட்டில் எண்ணெய் வாடையே இல்லை. அதையும் யோசிக்கவில்லை. ஜெயித்தவனுக்கு நாக்கு மரத்துப்போகும்போல.

மறுநாள் அழுக்குச் சட்டையோடு ஒருவர் வாசலில் நின்றார். பழைய இரும்புக்காரராம்.

"இஞ்சின் செத்துப்போச்சுன்னு நேத்து வந்தவர்கிட்ட நீங்கதானே சொன்னீங்க? அதான் வெட்டி எடை போட்டுடலாம்னு வரச் சொன்னேன்" என்றாள் என் மனைவி.

"வெட்டியா?"

"பின்ன, செத்ததை வாசல்ல வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

இரும்புக்காரர் கேபினைத் தட்டிப் பார்த்து, முதலில் இதை அறுத்துவிடலாம் என்றார். என் நாற்காலி இருக்கிற கேபின்.

"அறுக்காதீங்க. இஞ்சின் நல்லாத்தான் இருக்கு."

"ரேடியேட்டர்ல எண்ணெய் மிதக்குதே சார். ஹெட் கேஸ்கெட் போயிருக்கு."

யாரிடம் வந்து சொல்கிறார்? இஞ்சினில் ஆயில் அளவு பார்க்கும் ஸ்டிக்கை உருவி அவர் மூக்குக்கு முன்னால் நீட்டினேன். கேஸ்கெட் போயிருந்தால் தண்ணீர் இறங்கி ஆயில் வெளுத்திருக்கும். இது கன்னங்கரேலென்று இருக்கிறதே என்று கேட்டேன். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துவிட்டு இஞ்சினை ஓட்டிக் காட்டினேன். கேஸ்கெட் போயிருந்தால் தண்ணீர் கொப்பளிக்கும்; ஒரு குமிழிகூட வரவில்லை. அவர் விடுவதாக இல்லை.

"அப்போ ஆயில் கூலர் ஓட்டையா இருக்கும். அந்த வழியா ஆயில் தண்ணிக்குள்ள வந்திருக்கும்."

"வந்திருந்தா ஸ்டிக்ல அளவு குறைஞ்சிருக்கணும்ல? குறையலையே. நிறத்தையும் பாருங்க. என் இஞ்சின் ஆயில் கறுப்பு. இங்க மேல மிதக்கிறது மஞ்சள். மோந்து பாருங்க."

மோந்து பார்த்தார். "கடலெண்ணெய் மாதிரி இருக்கு."

"மாதிரி என்ன, கடலெண்ணெயேதான்."

"அது எப்படி சார் ரேடியேட்டருக்குள்ள வரும்?"

"நான்தான் ஊத்தினேன்."

சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. அவள் வாசற்படியில் நின்று ஒரு சட்டைப் பொத்தானின் நூலைக் கடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் மருந்துக்கும் ஆச்சரியம் இல்லை. இரும்புக்காரர் கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

"அண்ணே, இஞ்சின் சுத்தமா இருக்கு. வீட்டுக்காரரே எல்லா டெஸ்டும் பண்ணிக் காட்டிட்டார். வாங்க, எடுத்துக்கலாம்."

அவர் இரும்புக்காரர் இல்லை. நேற்று வந்தவரின் மெக்கானிக். டின்னில் எண்ணெய் இறங்கியிருந்ததைப் பார்த்த உடனேயே அவள் அவர்களுக்குப் போன் செய்துவிட்டாள்.

"நான் சொன்னா, விக்கிறதுக்காகச் சொல்றேன்னு நினைப்பாங்க. அதான் உங்க வாயாலயே வரவச்சேன்" என்றாள், கோபமே இல்லாமல். கோபப்பட்டிருந்தால் தேவலை.

ரேடியேட்டரை சோப்புத் தண்ணீர் விட்டு நானே கழுவிக் கொடுத்தேன். ஊற்றியவர்தானே கழுவ வேண்டும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். சாயங்காலத்துக்கு முன்னால் லாரி தெருமுனை திரும்பி மறைந்தது. அதன் ஹாரன் சத்தம் கேட்காதா என்று நின்றேன். கேட்கவில்லை.

வீட்டுக்குள் வந்தால் முன்னறை முழுக்க வெயில். அவள் விளக்கை அணைத்தாள், மெஷினில் உட்கார்ந்தாள், ஒரே தடவையில் ஊசியில் நூலைக் கோத்தாள். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. போய் உட்காரலாம் என்றால் நாற்காலியும் இல்லை.

அவள் தலையைத் தூக்காமலேயே சொன்னாள்.

"எண்ணெய் டின் காலியா இருக்கு. நடந்தே போய் வாங்கிட்டு வாங்க."